சாம்பல்முள்

பிப்ரவரி 9, புதன்

இன்று சமையலறையில் ஹார்ட்முட்டுக்கு முடி வெட்டினேன். ஊருக்கெல்லாம் கடையில் வெட்டுகிறேன், கட்டின புருஷனுக்கு மட்டும் வீட்டில், உருளைக்கிழங்கு வேகும் நேரத்தில். அவன் வலது காதுக்கு மேல் மட்டும் கொஞ்சம் முடி விடுவேன். பென்சில் வழுக்காமல் நிற்க வேண்டுமே. கல்யாணமான நாளிலிருந்து அப்படித்தான் வெட்டுகிறேன். அந்த இடத்தில் தோலே கொஞ்சம் பள்ளமாகிவிட்டது.

வெட்டி முடித்ததும் பழக்கத்தில் பென்சிலை எடுத்துக் காதில் செருகிக்கொண்டான். பிறகு செய்தித்தாளை விரித்துவைத்துக்கொண்டு எதையோ தேடினான். சட்டைப்பையைத் தடவினான், மேசைக்கு அடியில் குனிந்து பார்த்தான்.

"என்ன தேடற?"

"அது... அது. ஆணி."

"எந்த ஆணி? செய்தித்தாள்ல என்னத்துக்கு ஆணி?"

"ஈய..." என்றான். வாய் அப்படியே நின்றுவிட்டது. "ஈய... ஈய..."

நான் அவன் காதிலிருந்து பென்சிலை உருவிக் கையில் கொடுத்தேன். அதை வாங்கிக்கொண்டு சுவரைப் பார்த்து உட்கார்ந்தான். குறுக்கெழுத்து அப்படியே கிடந்தது.

நவம்பரில் பக்கவாதம் வந்தது. கை திரும்பிவிட்டது, கால் திரும்பிவிட்டது. பேச்சு மட்டும் இன்னும் வழியிலேயே இருக்கிறது. ஊரில் பாதி மர மாடிப்படிகளைச் செய்தவன் இவன். அண்ணனும் தம்பியுமாக நடத்தும் தச்சுப் பட்டறையில் இவன் குரல் இயந்திரச் சத்தத்தையும் மீறித் தெருவரை கேட்கும்.

பிப்ரவரி 14, திங்கள்

என் கடைக்கு விடுமுறை நாள். பேச்சுப் பயிற்சிக்குப் போனோம். பயிற்சியாளர் யில்டிஸ் அம்மாள் சின்னப் பெண்தான், ஆனால் பொறுமை மலையளவு. ஒவ்வொரு படமாகக் காட்டுவார், இவன் பெயர் சொல்ல வேண்டும்.

நாய், வீடு, மீன் எல்லாம் சரி. கையுறைப் படம் வந்தது. "கை" என்றான். அவ்வளவுதான். அடுத்த பாதி வரவில்லை. தையல்காரர்கள் விரலில் மாட்டும் உறை வந்தது. "தொப்பி" என்றான். முதல் பாதி வரவில்லை.

"நம்ம ஜெர்மன் பாஷையில பெரிய வார்த்தை எல்லாமே சின்ன வார்த்தைங்கள ஒட்டவெச்சதுதானே" என்றார் யில்டிஸ் அம்மாள். "இவருக்கு அந்த ஒட்டு விட்டுப்போச்சு. துண்டு துண்டாத்தான் கிடைக்குது."

ஹார்ட்முட்டுக்கு அது நன்றாகப் புரிந்தது. இரண்டு கை விரல்களையும் கோத்துப் பலகை இணைப்பைக் காட்டி, பிறகு படக்கென்று பிரித்துக் காட்டினான். சிரித்துவிட்டோம்.

கைச்செருப்பு! கையுறைக்கு நாங்கள் சொல்வது அதுதான், கைக்குப் போடும் செருப்பு. விரலுறைக்கு விரல்தொப்பி. ஐம்பத்தெட்டு வயதாகிறது எனக்கு. ஒருநாளாவது அதற்குள் செருப்பு இருப்பதைப் பார்த்தேனா? குளிர் வந்தால் மாட்டினேன், போனேன்.

கடைசியாகப் பென்சில் படம். "ஈயம்" என்றான். ரொம்ப நேரம் கழித்து "ஆணி" என்றான். இரண்டும் மேசையின் இரண்டு ஓரத்தில் கிடந்தன. சேரவே இல்லை.

பேருந்தில் வரும்போது நானே வாய்க்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டு வந்தேன். ப்ளை-ஷ்டிஃப்ட், பென்சிலுக்கு எங்கள் சொல். ப்ளை, ஈயம். ஷ்டிஃப்ட், தலையில்லாத மெல்லிய ஆணி. பட்டறையில் அது பெட்டி பெட்டியாகக் கிடக்கும். சரி, ஈயம் இதற்குள் எப்படி வந்தது?

பிப்ரவரி 16, புதன்

பென்சிலில் ஈயம் இல்லை! பொட்டுகூட இல்லை.

மதியம் நகர நூலகத்தில் பார்த்தேன். எவ்வளவு கோபம் வந்தது தெரியுமா? சின்ன வயதில் பென்சில் முனையை நாக்கில் வைத்தால் அம்மா புறங்கையிலேயே ஒன்று போடுவாள். "ஈயம்டி, விஷம்டி." இந்த நாட்டில் எல்லா அம்மாக்களும் சொல்வதுதான். பள்ளியில் ஒருத்தி என் உள்ளங்கையில் பென்சிலால் குத்திவிட்டாள் என்று நான் சாகப்போவதாக நினைத்து ஒரு வாரம் அழுதேன். அந்தக் கறுப்புப் புள்ளி இன்னும் இருக்கிறது. எல்லாம் ஒரு பெயரை நம்பி.

பிப்ரவரி 17, வியாழன்

நேற்று கோபத்தில் பாதிதான் எழுதினேன். மீதியை எழுதாமல் தூக்கம் வரவில்லை.

பழைய காலத்தில் ஏடு எழுதுகிறவர்கள் கோடு போட நிஜமாகவே ஈயத்துண்டு வைத்திருந்தார்களாம். பிறகு இங்கிலாந்தில் ஒரு மலையில் சாம்பல் நிறத்தில் பளபளவென்று ஒரு கல் கிடைத்தது. தொட்டால் விரலில் ஒட்டியது, இழுத்தால் ஈயத்தைவிடக் கறுப்பாகக் கோடு விழுந்தது. பார்த்தவர்கள் இதுவும் ஈயத்தில் ஒரு வகை என்று நினைத்துவிட்டார்கள். இதோ பக்கத்தில் நியூரம்பர்கில் அதைக் குச்சிக்குள் வைத்துச் செய்தவர்கள் முதலில் இன்னும் நீளமாக, 'வெள்ளை ஈயம்' என்ற பொருளில் ஒரு பெயர் வைத்திருந்தார்கள். அது இரட்டைத் தப்பு. வாயில் தேய்ந்து தேய்ந்து ஈய ஆணி ஆகிவிட்டது. இது ஈயமே இல்லை, கரியின் சொந்தக்காரன் என்று வேதியியல்காரர்கள் கண்டுபிடித்துச் சொன்னபோது யாரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை. பெயர் நடந்துகொண்டே இருந்தது.

யாரோ ஒரு ஆள் முதன்முதலில் சொல்லியிருப்பான் அல்லவா? கையில் கல்லைத் திருப்பிப் பார்த்து, 'ஈயம் மாதிரி இருக்கே' என்று. அவன் பெயர் யாருக்கும் தெரியாது. சொன்னதோ தப்பு. ஆனால் அவன் வாயிலிருந்து விழுந்தது என் அம்மா வாய்க்கு வந்து, என் வாய்க்கு வந்திருக்கிறது. வெள்ளத்துக்கு, போருக்கு, ராஜாக்களுக்கு எல்லாம் தப்பித்து வந்திருக்கிறது. கடையில் மேசைமேல் கிடந்த பென்சிலை இன்று எடுக்கவே எனக்குக் கொஞ்சம் தயக்கமாக இருந்தது.

மார்ச் 4, வெள்ளி

எர்வின் வந்திருந்தான், ஹார்ட்முட்டின் தம்பி. கெண்டை மீன் பொரித்தேன். நன்றாகச் சாப்பிட்டான். முள்ளையெல்லாம் தட்டின் ஓரத்தில் வரிசையாக அடுக்கிவைத்துவிட்டுத்தான் விஷயத்துக்கு வந்தான்.

"ரோஸ்விதா, தப்பா எடுத்துக்காத. இசைப்பள்ளிக்கு வளைஞ்ச படி ஒத்துக்கிட்டாச்சு. படிக்குப் படி அளவு வேற. நான் ஒருத்தனா முடியாது."

"ஹார்ட்முட் வருவான்."

"வந்து? மெஷின் ஓடுது, ஏதோ தப்பா போகுது, 'நிறுத்து'ன்னு கத்தணும். போன வாரம் சும்மா பார்க்க வந்தப்ப என்ன கத்தினான் தெரியுமா? 'வெண்ணெய்'னான். நான் திரும்பிக்கூடப் பார்க்கல. யாரோட விரல் போயிருந்தா?"

ஹார்ட்முட் எதிரில்தான் உட்கார்ந்திருந்தான். கேட்பதெல்லாம் அவனுக்கு நன்றாகவே புரியும்.

"ஜூன்ல பெந்தெகொஸ்தே பண்டிகை வரைக்கும் பார்க்கலாம்" என்றான் எர்வின். "அதுக்குள்ள கருவி பேராவது தெளிவா வந்தாப் போதும். இல்லன்னா வெளியில இருந்து ஒரு மாஸ்டர் தச்சனைக் கொண்டுவந்துதான் ஆகணும். வேற வழி இல்ல."

ஹார்ட்முட் எழுந்து போய்த் தட்டுகளைக் கழுவ ஆரம்பித்தான். சுத்தமான தட்டையும் சேர்த்துக் கழுவினான்.

மார்ச் 8, செவ்வாய்

தவக்காலத்துக்கு முந்தின நாள். ஜாம் வைத்த பணியாரம் வாங்கி வந்தேன். அதன் பெயரைத் திக்காமல் சொல்லிவிட்டான். எவனுக்கும் முதலில் குணமாவது வயிறுதான் போலிருக்கிறது.

மார்ச் 23, புதன்

இன்று நான் நல்லவளாக இல்லை.

வீடு முழுக்கப் பெயர் எழுதிய சீட்டு ஒட்டியிருந்தேன். கதவு, அலமாரி, குளிர்சாதனப் பெட்டி, கத்தரிக்கோல். காலையில் எழுந்து பார்த்தால் எல்லாவற்றையும் கிழித்து அடுப்பில் போட்டிருக்கிறான். எனக்கு வந்ததே ஆத்திரம். பென்சிலை முகத்துக்கு நேரே நீட்டினேன். இது என்ன, சொல்லு. சொல்லேன். ஒண்ணாங்கிளாஸ் புள்ள சொல்லுது. உன் காதுலயே இருக்கு, உனக்குத் தெரியாதா? பெந்தெகொஸ்தே வருது, தெரியுதா? உன் பட்டறைய எவனோ ஒருத்தன் வந்து ஆளப்போறான், தெரியுதா?

பென்சிலைப் பிடுங்கிச் சுவரில் அடித்தான். ஊக்கு உடைந்த சத்தம்போல ஒரு சின்னச் சத்தம். முனை போய்விட்டது.

பிறகு அவனே கத்தி எடுத்து, ஜன்னலோரம் உட்கார்ந்து, சீவினான். ரொம்ப நேரம் சீவினான். முனை ஊசியாக வந்தது. நான் என்ன பெண்பிள்ளை? கடையில் முன்பின் தெரியாதவர்களிடம் எவ்வளவு இனிக்க இனிக்கப் பேசுகிறேன்.

ஏப்ரல் 5, செவ்வாய்

ராத்திரிச் சாப்பாட்டுக்கு ரொட்டி வெட்டிக்கொண்டிருந்தேன். பின்னாலிருந்து தெளிவாக ஒரு குரல்.

"ரோஸி. சாம்பல்முள் குடு."

திரும்பிப் பார்த்தேன். "என்ன வேணும்?"

"சாம்பல்முள்." பென்சில் நிற்கும் குவளையைக் காட்டினான்.

"இல்ல. ஈய ஆணி. ப்ளைஷ்டிஃப்ட்."

தலையை ஆட்டினான். எழுந்து வந்து பென்சிலை எடுத்து, முனையை என் விரல் நுனியில் மெதுவாக வைத்து அழுத்தினான். குத்தியது. "முள்" என்றான். எடுத்துக் காட்டினான். விரலில் சாம்பல் நிறப் புள்ளி. "சாம்பல்."

சரி என்று சொல்லிவிட்டுக் குளியலறைக்குப் போய்த் தண்ணீரைத் திறந்துவிட்டு அழுதேன். பாதி வார்த்தையாவது சரியாக வந்துகொண்டிருந்தது. இப்போது உலகத்திலேயே இல்லாத வார்த்தை பேசுகிறான். இவன் எங்கே போய்க்கொண்டிருக்கிறான்?

ஏப்ரல் 11, திங்கள்

யில்டிஸ் அம்மாள் பென்சில் படத்தைக் காட்டினார். "சாம்பல்முள்" என்றான், கொஞ்சம் வீம்பாகவே. நான் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அவர் எழுதுவதை நிறுத்திவிட்டார். "இன்னொரு தடவை சொல்லுங்க."

"சாம்பல்முள்."

"இதுக்கு மார்க் கிடையாது" என்றார் என்னிடம். "வார்த்தை தப்பு. ஆனா நீங்க ஏன் இப்படி உட்கார்ந்திருக்கீங்க? இதைக் கவனிக்கலையா? இது பாதி இல்ல. ரெண்டு துண்டை எடுத்து, தானே ஒட்டவெச்சிருக்கார். நவம்பர்ல இருந்து இதுக்குத்தானே காத்துக்கிட்டிருக்கோம்."

ஹார்ட்முட் என்னைப் பார்த்து ஒரு புருவத்தை உயர்த்தினான். கல்யாணத்துக்கு முன்னால் என் அப்பாவிடம் மாட்டிக்கொண்டு தப்பித்தபோது அப்படி உயர்த்தியது. அதற்குப் பிறகு இன்றுதான் பார்க்கிறேன்.

ஏப்ரல் 13, புதன்

இன்று நடந்ததை ஒன்று விடாமல் எழுதிவிடுகிறேன்.

மதியம் நூலகத்துக்குப் போனேன். சும்மாதான். ஈயத்தைப் பற்றிப் படித்தாயிற்று, ஆணியைப் பற்றிப் படிக்கவில்லையே என்று ஒரு நினைப்பு. பெரிய அகராதியை இழுத்துப் போட்டு ஷ்டிஃப்ட் இருக்கும் பக்கத்தைத் தேடினேன். அது ஆணி ஆனதெல்லாம் பிறகு. அதற்கு முன்னால், ஆயிரம் வருஷத்துக்கு முன்னால், அந்த வார்த்தையின் பழைய உருவத்துக்கு என்ன பொருள் போட்டிருந்தது தெரியுமா?

முள்.

மூன்று தடவை படித்தேன். விரலை வைத்துக்கொண்டு படித்தேன். முள், கூர் முனை, கொடுக்கு. முதலில் போட்டிருந்தது முள்தான்.

நான் அவனிடம் சொல்லவில்லை. சத்தியமாகச் சொல்லவில்லை, எனக்கே தெரியாதே. அவன் இந்த மாதிரிப் புத்தகத்தைத் தொட்டதே கிடையாது, படிப்பதெல்லாம் கால்பந்தும் மர விலையும்தான். பிறகு எங்கிருந்து வந்தது? உள்ளே எல்லா வார்த்தையும் இடிந்து கிடக்கிறது; இடிபாட்டுக்கு அடியில் அஸ்திவாரம் தெரிகிற மாதிரி தெரிந்ததா?

அப்புறம் தோன்றியது, அப்படியெல்லாம் மந்திரம் ஒன்றுமில்லை. ஒரு மனிதன், கையில் ஒரு பொருள், அதற்குப் பெயர் இல்லை. முனையைப் பார்க்கிறான், தொட்டுப் பார்க்கிறான், குத்துகிறது. வேறு என்ன சொல்வான்? அந்த ஆயிரம் வருஷத்துக்கு முந்தின ஆளும் இதைத்தான் செய்திருப்பான். இவனும் அவனும் ஒரே இடத்தில் நின்றிருக்கிறார்கள். நாமெல்லாம் ரெடிமேடாக வாங்கி வாயில் போட்டுக்கொண்டவர்கள். என் புருஷன் மறுபடி ஆரம்பத்திலிருந்து செய்கிறான், இதே சமையலறையில், ரொட்டிக்கும் வெண்ணெய்க்கும் நடுவில்!

அதுமட்டுமா. அந்தக் காலத்துக்காரர்கள் சாம்பல் நிறத்தைப் பார்த்து ஈயம் என்றார்கள். இவன் சாம்பல் நிறத்தைப் பார்த்துச் சாம்பல் என்றான். யார் சொன்னது சரி?

மழை பெய்தது. குடையை நூலகத்திலேயே விட்டுவிட்டு நனைந்து வந்தேன்.

ஏப்ரல் 14, வியாழன்

அவனிடம் சொன்னேன். ஆயிரம் வருஷம் என்றேன், முள் என்றேன், கையை ஆட்டி ஆட்டிச் சொன்னேன். முழுதும் கேட்டான். "ம்" என்றான். உருளைக்கிழங்கு உரிக்கப் போய்விட்டான்.

ஏப்ரல் 29, வெள்ளி

இன்று மூன்று புது வார்த்தை. காபி வடிகட்டியைக் 'கறுப்புச் சல்லடை' என்றான். என் கத்தரிக்கோலை 'இரட்டைப்பல்' என்றான். மூன்றாவது எர்வினுக்கு வைத்த பெயர், எழுத மாட்டேன். நான் எதையும் திருத்தவில்லை.

மே 14, சனி

பட்டறையில் நடந்ததை ஒழுங்காக எழுதவேண்டும்.

நேரம் குறைந்துகொண்டே வருகிறது என்று எர்வினைக் கெஞ்சி, ஒருநாள் மட்டும் ஹார்ட்முட்டைக் கூட வைத்துக்கொள்ளச் சொன்னேன். "உட்காரட்டும், குறி போடட்டும். மெஷின் பக்கம் வரக்கூடாது" என்று சொல்லிச் சம்மதித்தான்.

குறி போடுவதற்குப் பேச்சு வேண்டாம். பலகைகளைச் சேர்த்து அடுக்கி, எல்லாவற்றின் மேலும் குறுக்காக ஒரே ஒரு பெரிய முக்கோணம் வரைவார்கள். ஒவ்வொரு பலகையிலும் கோட்டின் ஒரு துண்டு விழும். அப்புறம் எப்படிக் கலைந்தாலும், எது மேலே, எது இடது, எது முகம் என்று கோடுகளைச் சேர்த்துப் பார்த்தால் தெரிந்துவிடும். இங்கே எல்லாத் தச்சர்களும் அப்படித்தான். ஹார்ட்முட் காலையெல்லாம் வரைந்திருக்கிறான். ஒரு கோடு பிசகவில்லை.

மதியச் சாப்பாடு எடுத்துக்கொண்டு நான் போனபோது எர்வின் ரம்ப மேசையில் இருந்தான். காதில் சத்தமடைப்பான் போட்டிருந்தான். வளைவுப் படியின் பலகை, நல்ல ஓக் மரம், தள்ளத் தொடங்கப் போகிறான். மூலையில் உட்கார்ந்திருந்த ஹார்ட்முட் எழுந்தான். பலகைமேல் இருந்த கோடு தலைகீழாக ஓடுவதை அவன் அங்கிருந்தே பார்த்துவிட்டான். பலகை திருப்பி வைக்கப்பட்டிருந்தது.

வாயைத் திறந்தான். ஒன்றும் வரவில்லை. கழுத்து நரம்பெல்லாம் புடைத்தது. வெண்ணெய்தான் வரப்போகிறது என்று நினைத்தேன்.

"முள்!" என்று கத்தினான். "சாம்பல்முள்! எர்வின்! முள்!"

தெருவரை கேட்டிருக்கும். அந்தப் பழைய குரல். எர்வின் சத்தமடைப்பானையும் மீறிக் கேட்டு, பட்டென்று சிவப்புப் பொத்தானை அடித்தான். ரம்பம் சுற்றிச் சுற்றி நின்றது.

"என்ன முள்ளு? எங்க முள்ளு?"

ஹார்ட்முட் நடந்து போய்ப் பென்சில் கோட்டின்மேல் விரலை வைத்தான். எர்வின் பார்த்தான். பலகையைத் திருப்பி வைத்தான். அடுத்த பலகையைப் பக்கத்தில் வைத்தான். முக்கோணம் கூடியது.

"அறுத்திருந்தா இந்த மரம் போயிருக்கும்" என்றான் எர்வின். ஒரு ரொட்டியை எடுத்துக் கடித்தான், மெல்லாமல் வாயிலேயே வைத்திருந்தான். அப்புறம் சொன்னான்: "சரி. முள்ளுன்னா நிறுத்தணும், குறியப் பார்க்கணும். அவ்வளவுதானே. எனக்குப் புரியுது. இதுல என்ன கஷ்டம்?"

நான் வெளியே போய் மரத்தூள் மூட்டைமேல் கொஞ்சநேரம் உட்கார்ந்துவிட்டு வந்தேன்.

ஜூன் 10, வெள்ளி

பெந்தெகொஸ்தே விடுமுறை நாளை தொடங்குகிறது. எர்வின் ஒரு கட்டு அஸ்பாரகஸ் தண்டோடு வந்தான்.

"ஆள் ஒருத்தனைப் பேசி முடிச்சுட்டேன். சாக்சனிக்காரன், பேரு டோர்ஸ்டன்."

நான் கட்டைக் கீழே வைத்துவிட்டு உட்கார்ந்தேன். ஹார்ட்முட் அசையவில்லை.

"ஏன் ரெண்டு பேரும் செத்த வீட்டுல உட்கார்ந்த மாதிரி இருக்கீங்க? அவன் கீழ வேலை செய்ய வர்றான். மாஸ்டர் இதோ இருக்கான்ல." அண்ணனைப் பார்த்தான். "நீ என்னடா, எம்பேர மட்டுமாவது ஒழுங்கா சொல்லு. அந்த இன்னொரு பேர வேலைக்காரங்க முன்னாடி சொல்லாத."

ஹார்ட்முட் அந்த இன்னொரு பேரைச் சொன்னான். தெளிவாக.

ஜூலை 18, திங்கள்

யில்டிஸ் அம்மாளிடம் இனி மாதம் ஒருமுறை போனால் போதும். எவ்வளவோ வார்த்தைகள் திரும்பிவிட்டன. கைச்செருப்பு வந்துவிட்டது, விரல்தொப்பி வந்துவிட்டது. ஈயமும் ஆணியும் மட்டும் இன்றைக்கும் சேரவில்லை. இனிமேல் சேராது என்றுதான் நினைப்பதாக அவர் நேராகவே சொன்னார். அவனுக்கு அதில் வருத்தம் இருப்பதாகத் தெரியவில்லை. எனக்குக் கொஞ்சம் இருந்தது, பேருந்து வரும்வரை.

செப்டம்பர் 30, வெள்ளி

இசைப்பள்ளியின் படி முடிந்துவிட்டது. நான் இன்னும் ஏறிப் பார்க்கவில்லை, ஞாயிறு போகவேண்டும்.

சாயங்காலம் கடையைச் சாத்தும் நேரத்தில் டோர்ஸ்டன் முடி வெட்ட வந்தான். மாஸ்டர் வீட்டுக்காரி என்பதால் ரொம்ப மரியாதையாக உட்கார்ந்தான். துணியைப் போர்த்தி, சீப்பை எடுத்தேன்.

"வலது காதுக்கு மேல மட்டும் கொஞ்சம் விட்டுடுங்க" என்றான். "சாம்பல்முள் நிக்கணும்."

சீப்பு அப்படியே நின்றுவிட்டது. "என்ன நிக்கணும்?"

"பென்சில்தாங்க." கண்ணாடியில் என்னைப் பார்த்துக் கொஞ்சம் வெட்கப்பட்டான். "நான் சொல்றது சரியில்லையோ? உங்க ஊர்ப் பேச்சு எனக்கு இன்னும் முழுசா வரல. பட்டறையில எர்வின் அப்படித்தான் சொல்றார், மரக்கடைக்காரரும் அப்படித்தான் கேட்டார். எங்க பக்கம் இந்த வார்த்தை கிடையாது. என் பொண்டாட்டிகிட்ட போன்ல சொன்னேன், அவளுக்குப் பிடிச்சுப்போச்சு, இப்ப அங்க அவளும் அப்படித்தான் சொல்றா. இந்தப் பக்கத்துப் பழைய வார்த்தையோ?"

அவனுக்குப் பின்னால் நின்றிருந்ததால் என் முகத்தைத் திருப்பிக்கொள்ள முடிந்தது.

"ஆமா" என்றேன். "ரொம்பப் பழசு."

காதுக்கு மேல் கொஞ்சம் முடி விட்டு வெட்டினேன்.